பவர் பட்டனைத் தொடுவதற்கு முன்

லினக்ஸுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே கால் இடறும் இடம் ஒன்று உண்டு. டெர்மினல் என்ற கறுப்புத் திரையில் எதையோ தட்டிக்கொண்டிருப்பார்கள். வேர்டில் பழகிய கை, பாதியில் சேமித்து வைப்போமே என்று கன்ட்ரோலையும் 'எஸ்'ஸையும் சேர்த்து அழுத்திவிடும். அவ்வளவுதான். அதன்பின் எந்த எழுத்தைத் தட்டினாலும் திரையில் வராது. என்டர் வேலை செய்யாது. "ஹேங் ஆயிடுச்சு" என்ற முடிவுக்கு வந்து, பவர் பட்டனைத் தேடி விரல் போய்விடும்.

அங்கே எதுவும் கெட்டுப்போகவில்லை. கன்ட்ரோலோடு 'க்யூ'வை அழுத்தினால் போதும். அதுவரை தட்டியதெல்லாம் ஒரே மூச்சில் திரையில் வந்து விழும். இது டெலிடைப் காலத்து மிச்சம். 1963இல் வந்த டெலிடைப் மாடல் 33 என்ற தட்டச்சு இயந்திரம் நொடிக்கு 10 எழுத்துதான் அடிக்கும். எதிர்முனையில் இருப்பவர் அதைவிட வேகமாக அனுப்பினால் திணறிவிடும். அதனால் "கொஞ்சம் நிறுத்து" என்பதற்கு ஒரு குறியீடு, "இனி அனுப்பு" என்பதற்கு ஒரு குறியீடு என்று வைத்தார்கள். முதலாவதற்கு எண் 19, இரண்டாவதற்கு எண் 17. ஆங்கில எழுத்து வரிசையில் 'எஸ்' 19ஆவது, 'க்யூ' 17ஆவது. அந்த இயந்திரங்கள் பழைய இரும்புக்குப் போய்ப் பல காலம் ஆகிவிட்டது. லினக்ஸ் டெர்மினல் மட்டும் இன்றும் அந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து நிற்கிறது.

"ஹேங்" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இப்படிப் பல சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. ஒரு புரோகிராம் மட்டும் நின்றிருக்கலாம். திரையை வரைகிற பகுதி நின்றிருக்கலாம். ரேம் தீர்ந்திருக்கலாம். சொருகிய பென் டிரைவ் பதில் சொல்லாமல் இருக்கலாம். இவை எல்லாவற்றுக்கும் கீழே இருக்கும் கெர்னலே விழுந்திருக்கலாம். ஆனால் அது மிக அரிது. பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும், மவுஸ் மட்டும் நகராது. அப்படியானால் இயந்திரம் சாகவில்லை, திரைதான் செத்திருக்கிறது. கேப்ஸ் லாக் விசையை அழுத்தும்போது அதன் விளக்கு எரிந்து அணைந்தால், கீபோர்டைக் கவனிக்க உள்ளே இன்னும் ஆள் இருக்கிறது என்று பொருள். யாரும் தொடாமலே அந்த விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் நம்பிக்கையைக் கைவிட வேண்டியதுதான். பல லேப்டாப்களில் கெர்னல் விழுந்துவிட்டதற்கு அதுவே அடையாளம்.

மற்ற எல்லாச் சந்தர்ப்பங்களிலும் கணினியை அணைக்காமலே வெளியே வர வழி இருக்கிறது. ஒன்றல்ல, ஐந்தாறு வழிகள்.

முதலில், எளிமையான கதை. திரையில் ஓடும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு வரிசை உண்டு. மவுஸ் கிளிக்கும் விசைத் தட்டலும் அந்த வரிசையில் வந்து நிற்கும். புரோகிராம் ஒவ்வொன்றாக எடுத்துக் கவனிக்கும். ரேஷன் கடையில் பில் போடுகிறவர் மூட்டை இறக்க உள்ளே போய்விட்டால் வாசலில் வரிசை அப்படியே நிற்குமே, அதே நிலைதான் இங்கும். உபுண்டு, ஃபெடோரா போன்றவற்றில் வரும் ஜினோம் டெஸ்க்டாப், புரோகிராமுக்கு "இருக்கிறாயா?" என்று ஒரு குரல் கொடுத்துப் பார்க்கும். 5 வினாடிக்குள் பதில் வராவிட்டால் "இந்தப் புரோகிராம் பதிலளிக்கவில்லை" என்று அறிவித்து, காத்திருக்கவா, வெளியேற்றவா என்று கேட்கும். கைப்பேசியில் ஆண்ட்ராய்டு கேட்கும் கேள்வியும் கிட்டத்தட்ட இதேதான். அங்கேயும் கெடு 5 வினாடி, அங்கேயும் அடியில் ஓடுவது லினக்ஸ் கெர்னல்.

காத்திருக்கச் சொல்லும் பொத்தானை யாரும் மதிப்பதில்லை என்பது ஒரு பரிதாபம். லட்சம் வரிகள் கொண்ட கணக்குத்தாளை லிப்ரே ஆபீஸில் திறந்தாலோ, பெரிய படத்தின் மேல் ஜிம்ப்பில் ஒரு ஃபில்டரைப் போட்டாலோ, அந்தப் புரோகிராம் நேர்மையாக உழைத்துக்கொண்டுதான் இருக்கும். பேச நேரமில்லாமல் இருக்கும். உழைக்கிறதா, உறங்குகிறதா என்று பார்க்காமல் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினால் நஷ்டம் தள்ளியவருக்கே.

வெளியேற்றியே தீர வேண்டும் என்றால், கேடிஇ என்ற இன்னொரு டெஸ்க்டாப்பில் ஒரு கொடூரமான அழகு உண்டு. விண்டோஸ் விசை, கன்ட்ரோல், எஸ்கேப் மூன்றையும் (பழைய பதிப்புகளில் கன்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப்) சேர்த்து அழுத்தினால் மவுஸ் அம்பு மண்டையோடாக மாறும். அந்த மண்டையோட்டை எந்த விண்டோ மேல் வைத்துக் கிளிக் செய்கிறோமோ, அது தீர்ந்தது. மனம் மாறினால் எஸ்கேப் அழுத்தித் தப்பவிடலாம். இதன் மூதாதை எக்ஸ்கில் என்ற பழைய கட்டளை. அது புரோகிராமை நேரடியாகக் கொல்வதில்லை. புரோகிராமுக்கும் திரைக்கும் இடையே உள்ள தொடர்பை வெட்டிவிடும். திரை போன அதிர்ச்சியில் பெரும்பாலான புரோகிராம்கள் தாமே விழுந்துவிடும். பழைய எக்ஸ் முறைக்குப் பதிலாக வேலேண்ட் என்ற புதிய திரை முறை பரவிய பிறகு எக்ஸ்கில்லின் அதிகாரம் சுருங்கிவிட்டது. வேலேண்டில் நேரடியாக ஓடும் விண்டோக்கள் மேல் அதற்கு உரிமை கிடையாது.

பிரவுசரில் ஒரு டேப் மட்டும் படுத்துக்கொண்டால் மொத்தப் பிரவுசரையும் கொல்ல வேண்டியதில்லை. குரோமில் ஷிஃப்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால் அதற்கென்றே உள்ள டாஸ்க் மேனேஜர் வரும். எந்த டேப் எவ்வளவு தின்கிறது என்று பார்த்து அதை மட்டும் முடிக்கலாம். ஃபயர்ஃபாக்ஸிலும் அப்படி ஒரு பக்கம் உண்டு.

மவுஸும் அசையவில்லை, டெஸ்க்டாப்பும் அசையவில்லை என்றால்? கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3. திரை மாறி, கறுப்புப் பின்னணியில் "லாகின்" என்ற சொல் வந்து நிற்கும். முதல்முறை பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் பயமாக இருக்கும்; எதையோ உடைத்துவிட்டோமோ என்று தோன்றும். உண்மையில் கதை இங்கேதான் சுவாரசியமாகிறது.

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை எழுதத் தொடங்கியபோது, ஆளுக்கொரு கணினி என்பது நினைத்துப் பார்க்க முடியாத ஆடம்பரம். ஒரே இயந்திரத்தில் பல டெர்மினல்களைச் செருகி, பலர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். ஒருவரின் புரோகிராம் நின்றுவிட்டது என்பதற்காக இயந்திரத்தை அணைத்தால் பக்கத்து அறையில் இருப்பவரின் வேலையும் போகும். அதனால் பக்கத்து டெர்மினலிலிருந்து உள்ளே வந்து, நின்றதை மட்டும் அகற்றுகிற வசதி அங்கே அடிப்படைத் தேவை. 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தன் சொந்தக் கணினிக்காக எழுதிய லினக்ஸ், இந்த வழக்கத்தை அப்படியே வாங்கிக்கொண்டது. எஃப்3இல் வருகிற கறுப்புத் திரை, அந்தப் பக்கத்து டெர்மினலின் ஆவி. ஒரே ஆள், ஒரே கீபோர்டு. ஆனாலும் இன்னொரு நாற்காலியில் போய் உட்கார்ந்தது போல.

அங்கே உள்ளே நுழைந்து 'டாப்' என்று தட்டினால் ஓடுகிற புரோகிராம்களின் பட்டியல் வரும். வில்லியம் லெஃபெப்வர் 1984இல் எழுதிய கருவி அது. யார் பிராசஸரை அதிகம் தின்கிறாரோ அவர் பட்டியலில் மேலே இருப்பார். பெரிய 'எம்' தட்டினால் ரேமை அதிகம் தின்பவர் மேலே வருவார். கண்ணுக்கு இன்னும் இதமாக, வண்ணத்தோடு வேண்டுமென்றால் பிரேசில்காரரான ஹிஷாம் முகமது 2004இல் தொடங்கிய 'எச்டாப்' இருக்கிறது. அதை மட்டும் பெரும்பாலும் தனியாக நிறுவ வேண்டியிருக்கும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஓர் எண் இருக்கும். ஓடும் புரோகிராமைப் பிராசஸ் என்பார்கள்; அதுதான் அந்தப் பிராசஸின் அடையாள எண். இனி நடப்பதெல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான்.

'கில்' என்று தட்டி, பக்கத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால் போதும். பெயர்தான் கொலை, வேலை கடிதம் போடுவது. கில் அனுப்புவது ஒரு சிக்னல். பலவகைச் சிக்னல்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எதையும் குறிப்பிடாமல் விட்டால் போவது 15ஆம் எண். வாடகை வீட்டுக்காரருக்கு "காலி செய்யுங்கள்" என்று முறையாக நோட்டீஸ் கொடுப்பது போல. நல்ல புரோகிராமாக இருந்தால் நோட்டீஸைப் படித்து, திறந்திருக்கும் ஃபைல்களை மூடி, தற்காலிகக் குப்பைகளை அள்ளி, சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும். நோட்டீஸைக் கிழித்துப் போடவும் அதற்கு உரிமை உண்டு.

9ஆம் எண் அப்படி இல்லை. அது புரோகிராமின் கைக்கே போய்ச் சேராது. கெர்னல் நேராக வந்து பூட்டை உடைத்து, ஆளை அப்புறப்படுத்திவிடும். சாமான்கள் கிடந்த இடத்தில் கிடக்கும். லினக்ஸ் பழகியவர்களில் பலர், வீரம் காட்டுவது போல எடுத்த எடுப்பில் "கில் மைனஸ் 9" என்று தட்டுவதைப் பார்க்கலாம். கெட்ட பழக்கம். ஒரு டேட்டாபேஸ் எழுதிக்கொண்டிருக்கும்போது அதைச் செய்தால், அடுத்த முறை திறக்கும்போது அது பழுதுபார்க்கும் வேலையில் இறங்க வேண்டியிருக்கும். 15ஐ அனுப்பி, பத்து வினாடி பொறுத்து, அசையாவிட்டால்தான் 9.

பட்டியலில் 1ஆம் எண்ணின் பெயர் "ஹேங் அப்". தொலைபேசியை வைத்துவிட்டார்கள் என்று பொருள். மோடம் வழியாகத் தொலைதூரக் கணினியோடு பேசிய காலத்தில், லைன் அறுந்தால் அந்தப் பக்கத்துப் புரோகிராமுக்கு இந்தச் செய்தி போகும். இன்று மோடம் இல்லை. ஆனால் டெர்மினல் விண்டோவை மூடும்போது அதற்குள் ஓடியதும் சேர்ந்து நிற்கிறதே, அதற்குக் காரணம் இந்த 1தான்.

அதிகம் பேசப்படாத ஒரு சிக்னல் 'ஸ்டாப்'. கொல்லாமல் உறைய வைப்பது. பிரவுசர் ஒன்று பிராசஸரை முழுதாக விழுங்கிக்கொண்டிருக்கிறது, அதனால் பக்கத்தில் பாதி எழுதிய கட்டுரையைச் சேமிக்கக்கூட முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். பிரவுசருக்கு 'ஸ்டாப்' அனுப்பினால் அது அந்த நொடியிலேயே, இருந்த இடத்தில் நின்றுவிடும். 9ஐப் போலவே இதையும் எந்தப் புரோகிராமும் மறுக்க முடியாது. கணினி மூச்சு விடும். கட்டுரையைச் சேமித்துக்கொண்டு, பிறகு பிரவுசருக்கு 'கன்டினியூ' அனுப்பினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். டெர்மினலில் ஓடும் புரோகிராமாக இருந்தால் கன்ட்ரோலும் 'இசட்'டும் சேர்த்து அழுத்துவது கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்யும். ஹேங் ஆன ஒன்றைச் சமாளிக்க அதை இன்னும் கெட்டியாக ஹேங் ஆக்குவது வேடிக்கைதான். ஆனால் வேலை செய்கிறது.

எண்ணைத் தேடும் சிரமம் வேண்டாம் என்று நினைப்பவர்களுக்குப் பெயரைச் சொல்லியே அனுப்பும் 'கில்ஆல்' இருக்கிறது. லினக்ஸில் அது அந்தப் பெயருள்ள புரோகிராம்களை மட்டும் முடிக்கும். லினக்ஸின் உறவினரான சோலாரிஸில் அதே கட்டளை பெயருக்கு உண்மையாக, ஓடிக்கொண்டிருக்கும் எல்லாவற்றையும் முடித்துவிடும். இரண்டிலும் வேலை செய்ய நேர்ந்த நிர்வாகிகள் இதை ஒருமுறைதான் மறப்பார்கள்.

இனி, 9க்கும் சாகாதவர்கள்.

டாப் பட்டியலில் ஒவ்வொரு பிராசஸுக்கும் நிலையைக் குறிக்கும் ஓர் எழுத்து இருக்கும். 'டி' (D) என்று இருந்தால் எந்தச் சிக்னலும் அதை அசைக்காது. கெர்னலிடம் ஒரு வேலையைச் சொல்லிவிட்டு, பெரும்பாலும் டிஸ்க் சம்பந்தப்பட்ட வேலை, பதிலுக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். பதில் பாதி வந்திருக்கும்போது ஆளைத் தூக்கிவிட்டால் கணக்கு குழம்பும் என்பதால், அந்த இடைவெளியில் யாரும் எழுப்ப முடியாதபடி கெர்னல் கதவைச் சாத்தி வைக்கிறது. வழக்கமாக அந்த இடைவெளி கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. டிஸ்க் பழுதானால், அல்லது நெட்வொர்க் வழியாக இணைத்த டிஸ்க்கின் மறுமுனை அணைந்துபோனால், அது மணிக்கணக்கில் நீளும். 120 வினாடிக்கு மேல் ஒருவர் இப்படி அடைபட்டிருந்தால் கெர்னலே தன் குறிப்பேட்டில் ஒரு புகார் எழுதி வைக்கும். 2008இல் வந்த 2.6.25 பதிப்பில், இந்த உறக்கத்திலும் 9ஆம் சிக்னலுக்கு மட்டும் காது கொடுக்கும் ஒரு புதிய வகையைச் சேர்த்தார்கள். ஆனால் எல்லா இடத்திலும் அது பயன்படவில்லை.

வீடுகளில் இதன் பொதுவான முகம் பென் டிரைவ். 3 ஜிபி சினிமா ஒன்றைப் பென் டிரைவுக்குக் காப்பி செய்தால் பட்டை சரசரவென்று ஓடி நூறு சதவீதத்தைத் தொட்டுவிடும். "வேலை முடிந்தது" என்று எடுக்கப் போனால் கணினி விடாது. சில நேரம் மற்றப் புரோகிராம்களும் சேர்ந்து தடுமாறும். காரணம், காப்பியான சினிமா இன்னும் பென் டிரைவுக்குப் போகவில்லை, ரேமில்தான் இருக்கிறது. இப்படி எழுத வேண்டியதைச் சேர்த்து வைக்க, கிடைக்கக்கூடிய ரேமில் 20 சதவீதம் வரை கெர்னல் வழக்கமாக அனுமதிக்கிறது. 16 ஜிபி ரேம் உள்ள கணினியில் அது ஏறக்குறைய 3 ஜிபி. பென் டிரைவ் நொடிக்கு 5 எம்பி மட்டுமே எழுதும் மலிவுச் சரக்காக இருந்தால், அத்தனையும் இறங்க 10 நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் யாரையும் கொல்லத் தேவையில்லை. ஒரு காபி குடித்துவிட்டு வரலாம்.

'இசட்' என்ற எழுத்து இருந்தால் அது ஜோம்பி. ஏற்கெனவே செத்துப்போனவர். அவரைப் பெற்ற புரோகிராம் வந்து இறப்பைப் பதிவு செய்யாததால் பட்டியலில் மட்டும் பெயர் நிற்கிறது. ரேமும் தின்பதில்லை, பிராசஸரும் தின்பதில்லை. செத்தவரை மறுபடி சுடுவதில் பயனில்லை. பெற்றவரை முடித்தால் இவரும் போய்விடுவார்.

இத்தனையையும்விட, லினக்ஸ் பயனர்களை உண்மையில் அழ வைப்பது ரேம் தீரும் நேரம்தான். மவுஸ் நிமிடத்துக்கு ஒருமுறை நகரும். டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும். எஃப்3 அழுத்தினால் லாகின் திரை வரவே இரண்டு நிமிடம் ஆகும். பாஸ்வேர்டைத் தட்டி முடிப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது என்று வெளியே தள்ளிவிடும்.

இதன் வேர் லினக்ஸின் தாராள குணத்தில் இருக்கிறது. புரோகிராம்கள் கேட்கிற ரேமையெல்லாம் "எடுத்துக்கொள்" என்று கெர்னல் வாக்குக் கொடுத்துவிடும், கையில் இருக்கிறதா என்று பார்க்காமலே. கேட்பவர் எல்லாரும் கேட்டதை முழுதாகப் பயன்படுத்துவதில்லை என்பது அதன் அனுபவம். கல்யாணப் பத்திரிகை 1000 பேருக்கு, சமையல் 600 பேருக்கு. பெரும்பாலும் சரியாக வரும். எல்லாரும் பந்தியில் உட்கார்ந்துவிட்ட நாளில்தான் சிக்கல். அப்போது 'ஓஓஎம் கில்லர்' என்ற காவலரைக் கெர்னல் அனுப்பும் (ஓஓஎம் என்றால் 'அவுட் ஆஃப் மெமரி', அதாவது ரேம் தீர்ந்த நிலை). அவர் ஒவ்வொரு பிராசஸுக்கும் மதிப்பெண் போட்டு, அதிகம் தின்கிறவரைத் தேர்ந்து 9ஆல் அடித்து வெளியேற்றுவார்.

இந்த ஏற்பாட்டைக் கேலி செய்து 2004இல் ஆண்ட்ரீஸ் பிரவுவர் என்ற நெதர்லாந்து நிரலாளர் ஒரு குட்டிக் கதை எழுதினார். குறைந்த எரிபொருளோடு பறந்தால் செலவு மிச்சம் என்று ஒரு விமான நிறுவனம் கண்டுபிடிக்கிறது. எப்போதாவது எரிபொருள் போதாமல் போனால், ஒரு பயணியைத் தேர்ந்து வெளியே தள்ளுகிற கருவியைப் பொருத்துகிறது. பிறகு யாரைத் தள்ளுவது என்று பொறியாளர்கள் கூடி விவாதிக்கிறார்கள்: கனமானவரையா, வயதானவரையா, குறைந்த விலை டிக்கெட்காரரையா? கெர்னல் எழுதுகிறவர்கள் இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிப்பு கொஞ்சம் கசப்பானது.

கசப்புக்குக் காரணம், அந்தக் காவலர் மிகத் தாமதமாக வருவதுதான். 2019 ஆகஸ்டில் பயனர் ஒருவர் கெர்னல் குழுவின் முன் ஒரு செய்முறையை வைத்தார்: கணினிக்கு 4 ஜிபி ரேம் மட்டும் கொடுங்கள், ஸ்வாப்பை (ரேம் போதாதபோது கைகொடுக்கும் டிஸ்க் இடத்தை) அணையுங்கள், பிரவுசரில் டேப்களைத் திறந்துகொண்டே போங்கள், சில நிமிடங்களில் மொத்தமும் நின்றுவிடும். பலரும் செய்து பார்த்துத் தலையாட்டினார்கள். ரேம் நெருக்கும்போது, ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் கட்டளைப் பக்கங்களையே கெர்னல் தூக்கி எறிகிறது. டிஸ்க்கில் மூலப் பிரதி இருக்கிறதே, வேண்டும்போது படித்துக்கொள்ளலாம் என்று. எறிந்த மறுநொடியே அது தேவைப்படுகிறது. மீண்டும் படிக்கிறது, மீண்டும் எறிகிறது. கெர்னலின் கணக்குப்படி ரேம் இன்னும் "கிடைத்துக்கொண்டுதான்" இருக்கிறது. அதனால் காவலரை அழைப்பதில்லை.

தீர்வு கெர்னலுக்கு வெளியிலிருந்தும் வந்தது, உள்ளிருந்தும் வந்தது. 'எர்லிஓஓஎம்' என்ற சிறு புரோகிராம், காலியான ரேமும் ஸ்வாப்பும் 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பெரிய தின்னிக்கு 15ஐயும், 5 சதவீதத்துக்குக் கீழே போனால் 9ஐயும் அனுப்பிவிடும். 2020இல் வந்த ஃபெடோரா 32 இதைத் தானாகவே ஓடும்படி வைத்தது. அடுத்த ஆண்டு ஃபெடோரா 34, 'சிஸ்டம்டி-ஓஓஎம்டி' என்ற இன்னொன்றுக்கு மாறியது. உபுண்டு 22.04உம் அதைச் சேர்த்தபோது வேறுவிதப் புகார் கிளம்பியது: நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிரவுசர் கண்ணெதிரே காணாமல் போகிறது என்று. தாமதமாக வந்த காவலரைத் திட்டியவர்கள், இப்போது அவசரக்காரக் காவலரைத் திட்டினார்கள். 2022 டிசம்பரில் வெளிவந்த கெர்னல் 6.1இல், எந்தப் பக்கத்தை எறிவது என்று தேர்ந்தெடுக்கும் முறையையே கூகிளின் யூ ஜாவ் மாற்றி எழுதியது சேர்ந்தது. இப்போதைய லினக்ஸில் 4 ஜிபிக் கணினியின் நிலைமை 2019இல் இருந்ததைவிடத் தேவலை.

உள்ளூர்க் கீபோர்டு எதற்கும் மசியவில்லை என்றால், இன்னொரு வாசல் தெருப்பக்கம் இருக்கிறது. 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டாட்டு இலோனென் எழுதிய எஸ்எஸ்எச் என்ற தொலைநிலை இணைப்பு முறை வழியாக, அதே வைஃபையில் உள்ள வேறொரு கணினியிலிருந்து உள்ளே வரலாம். லினக்ஸ் பிறந்த அதே நாடு. வேறு கணினி இல்லையா? ஆண்ட்ராய்டு கைப்பேசியில் டெர்மக்ஸ் என்ற செயலி போதும். திரை முழுதாக உறைந்த லேப்டாப்புக்குள் கைப்பேசி வழியாக நுழைந்து, தொந்தரவு செய்பவருக்கு 15ஐ அனுப்பிவிட்டு, உறைந்த திரை உயிர் பெறுவதைப் பக்கத்திலிருந்தே பார்ப்பது ஒரு தனி சுகம். ஒரு நிபந்தனை: எஸ்எஸ்எச் சர்வரை நல்ல நாளிலேயே நிறுவி வைத்திருக்க வேண்டும். உபுண்டு டெஸ்க்டாப்பில் அது கூடவே வருவதில்லை.

திரையை வரைகிற பகுதியே மீள வழியில்லாமல் போய்விட்டது என்றால், உள்ளே நுழைந்த பிறகு அதை மட்டும் மறுபடி தொடங்கச் சொல்லலாம். டெஸ்க்டாப்பில் திறந்திருந்ததெல்லாம் போகும். லாகின் திரை புதிதாக வரும். ஆனால் பின்னால் ஓடும் வெப் சர்வரும், டேட்டாபேஸும், அதே இயந்திரத்தில் வெளியிலிருந்து வந்து வேலை பார்ப்பவரும் நடந்ததை அறியக்கூட மாட்டார்கள். முன்பெல்லாம் கன்ட்ரோல், ஆல்ட், பேக்ஸ்பேஸ் மூன்றும் இதே வேலையைச் செய்தன. கை தவறி அழுத்தி வேலையைத் தொலைத்தவர்கள் அதிகமானதால், 2009இல் உபுண்டு 9.04 அதை நிறுத்தி வைத்தது.

எல்லாம் பொய்த்த பின் மிஞ்சுவது, கீபோர்டில் யாரும் சீந்தாத ஒரு விசை. ஐபிஎம் 1984இல் வெளியிட்ட பிசி ஏடி கணினியின் கீபோர்டில் 'சிஸ் ரிக்வெஸ்ட்' என்று ஒரு விசையைச் சேர்த்தது. வேறு யாரும் அதற்குப் பெரிதாக வேலை கொடுக்கவில்லை. பிற்பாடு பிரிண்ட் ஸ்கிரீனோடு ஒரே விசையாக ஒட்டிக்கொண்டது. லினக்ஸ் கெர்னல் எழுதியவர்கள் அதைத் தத்தெடுத்துக்கொண்டார்கள். ஆல்ட்டையும் அந்த விசையையும் பிடித்துக்கொண்டு ஓர் எழுத்தைத் தட்டினால், இடையில் யாரையும் கேட்காமல் செய்தி நேராகக் கெர்னலுக்குப் போகும். 'ஆர்' தட்டினால் உறைந்த டெஸ்க்டாப்பின் பிடியிலிருந்து கீபோர்டு விடுபடும். அதன்பின் எஃப்3 வேலை செய்யக்கூடும். 'எஃப்' தட்டினால் ஓஓஎம் காவலர் அந்த நொடியே வருவார். ரேம் தீர்ந்து தவிக்கும்போது இதைவிட நல்ல மருந்து இல்லை. கடைசி வழியாக ஆர், இ, ஐ, எஸ், யூ, பி என்று ஆறு எழுத்துகளைச் சில வினாடி இடைவெளி விட்டுத் தட்டுவார்கள்: கீபோர்டை மீட்டு, எல்லாருக்கும் 15 அனுப்பி, பிறகு 9 அனுப்பி, ரேமில் உள்ளதை டிஸ்க்கில் எழுதி, டிஸ்க்கை எழுத முடியாதபடி பூட்டி, ரீஸ்டார்ட். அணைத்துப் போடுவதுதான் இதுவும். ஆனால் வீட்டைப் பூட்டிவிட்டுப் போவது.

வேண்டும் என்ற நேரத்தில் இது வேலை செய்யாமல் போவதற்கும் காரணம் உண்டு. கெர்னலில் இதற்கென ஓர் அனுமதி எண் இருக்கிறது. உபுண்டுவில் அது 176. டிஸ்க்கில் எழுத 16, பூட்ட 32, ரீஸ்டார்ட்டுக்கு 128, கூட்டினால் 176. அதாவது கடைசி மூன்று எழுத்துகளுக்கு மட்டுமே அங்கே அனுமதி. 'எஃப்'புக்கு வேண்டிய 64 அந்தக் கூட்டலில் இல்லை. கீபோர்டை எட்டக்கூடிய யாரும் அதைத் தட்டி, திரைப்பூட்டையே கொன்றுவிடலாம் என்ற பயம். வீட்டுக் கணினியில் அந்தப் பயம் இல்லாதவர்கள் எண்ணை 1 என்று மாற்றி, எல்லாவற்றையும் திறந்துவிடுகிறார்கள்.

பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் என்ன ஆகும்? ஃபைல் அமைப்பு பெரும்பாலும் தப்பிவிடும். இன்றைய லினக்ஸ் டிஸ்க் முறைகளில் பல, மாற்றங்களை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டுதான் செய்கின்றன. தப்பாதது கடைசி அரை நிமிடத்து வேலை. சேமித்தது என்று நினைத்த ஃபைல்கூட டிஸ்க்குக்குப் போக 30 வினாடி வரை ரேமில் காத்திருக்கலாம்.

15க்கும் 9க்கும் உள்ள வித்தியாசத்தை நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு 'விம்' என்ற பழைய எழுத்துக் கருவி போதும். அதில் நான்கு வரி தட்டி, சேமிக்காமல், இன்னொரு டெர்மினலிலிருந்து அதற்கு 15ஐ அனுப்பினால், விழுவதற்கு முன் ஃபைல்களைப் பாதுகாத்து வைப்பதாக ஒரு வரி எழுதிவிட்டுத்தான் விழும். 9ஐ அனுப்பினால் அந்த ஒரு வரிக்கும் நேரம் கிடைக்காது. அப்போது மிஞ்சுவது, 200 எழுத்துக்கு ஒருமுறை அல்லது கை 4 வினாடி ஓய்ந்தபோது அது தானாக எழுதி வைத்திருந்த மறைவுப் பிரதி மட்டுமே. எப்படி விழுந்திருந்தாலும், அடுத்த முறை அதே ஃபைலைத் திறந்தால் விம் ஓர் எச்சரிக்கையைக் காட்டும். இந்த ஃபைலை யார் திறந்திருந்தார், எந்தக் கணினியில், எந்தப் பிராசஸ் எண்ணில் என்ற விவரங்கள் அதில் இருக்கும். சற்றுமுன் கில்லுக்குப் பக்கத்தில் தட்டிய அதே எண். கீழே, மீட்கவா, அழிக்கவா என்ற கேள்வி. 'ஆர்' தட்டினால் நான்கு வரியும் திரும்பி வரும்.